பதினோரு மணி நடை

அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. ஆனால் என் கணக்குப்படி அவள் நடந்துகொண்டிருந்தாள்.

மே மாதத்து மத்தியானம். தாராவியில் அவளுடைய ஒற்றை அறை. மாவு காய்ந்து வெடித்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டை முன்னால் போய்ப் பின்னால் வரும்போதெல்லாம், அவள் மணிக்கட்டில் நான் மாட்டிவிட்டிருந்த கறுப்புப் பட்டையில் எண் ஒன்று கூடியது. ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. காலடிகளை எண்ணுகிற பட்டை அது. கை ஆடினால் கால் நடக்கிறது என்று நம்பிவிடும் போல.

இரண்டு வாரமாக நானும் அதை நம்பியிருந்தேன். நம்பியதோடு விட்டேனா? சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தேன். “பாருங்க, அக்கா தினம் பதினாறாயிரம் அடி நடக்கறாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?” பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

“அக்கா, நீங்க எங்கயும் நடக்கவே இல்லையே!”

“நான் எப்பம்ட்டி நடந்தேன்னு சொன்னேன்? ஒன் வாட்ச்சுல்லா நடந்துச்சு.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“நீ கைதட்டுன. நல்லாத்தான இருந்துச்சு. எனக்கு யாரு கைதட்டியிருக்கா?”

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் அவள் பக்கத்தில் இருந்த பாட்டில் மேல் போய் நின்றது. ஒரு லிட்டர் பாட்டில், நானே கொடுத்தது. எட்டு மணிக்கு இதுவரை, பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை என்று பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தேன். மணி இரண்டு தாண்டிவிட்டது. தண்ணீர் எட்டு மணிக் கோட்டுக்கு மேலேயே நின்றது. மூடியில் மாவு விரல் ஒன்று பதிந்து காய்ந்திருந்தது. அது நேற்றைய விரல். நேற்றும் பார்த்த ஞாபகம் இருந்தது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நடக்காதவளை நடக்கிறாள் என்று எழுதிவைத்தேன். அப்படியென்றால் இவளைப் பற்றி வேறு எதையெல்லாம் தப்பாக எழுதி வைத்திருக்கிறேன்?

மூன்று கோடை கழித்து இப்போதாவது சரியாக எழுதிப் பார்க்கிறேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

அப்போது நான் மாட்டுங்காவில் உணவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு செம்பூரில். கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஏதாவது ஒரு சந்தை எடுத்துக்கொண்டு அங்கே இருக்கும் பெண்களுக்கு வெயில் காலத்தில் எதைச் சாப்பிடுவது, எப்படி உடம்பை அசைப்பது என்று சொல்லித்தரவேண்டும். அதுதான் எங்கள் புராஜெக்ட். நான்கு வண்ணத்தில் சார்ட் தயாரித்தேன். தர்பூசணி, வெள்ளரிக்காய், மோர், அரைமணி நேர நடை, எட்டு டம்ளர் தண்ணீர். தமிழ் எழுத்தெல்லாம் அம்மா போட்டுக்கொடுத்தது. என் தமிழ் எழுத்து அப்போது எனக்கே புரியாது. கல்லூரியில் ஆறு கைப்பட்டைகள் கொடுத்திருந்தார்கள். சார்ட்டைப் பார்த்து எவள் அதிகமாகச் சிரித்தாளோ அவளுக்குத்தான் முதல் பட்டை என்று முடிவு செய்தேன். அப்படித்தான் அக்கா கிடைத்தாள்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நெடுநெடுவென்று உயரம், அந்த வீட்டின் பரணில் தலை இடிக்காமல் நிமிர அவளுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. காலையில் மாவு வரும். மாலைக்குள் அவ்வளவையும் தேய்த்து, வாசலில் கவிழ்த்த மூங்கில் கூடைகள் மேல் காயப்போட்டு எடுத்துவிடவேண்டும். வெயில் ஏற ஏறத்தான் அந்த வேலைக்கு மவுசு. அதனால் ஏப்ரலும் மேயும் சந்தில் யாருக்கும் இடுப்பு நிமிராது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் சொம்பு நீளும். சிலிண்டர் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், விலாசம் தெரியாமல் அலைகிற கூரியர்க்காரர், எல்லோருக்கும். ஒருநாள் பக்கத்துச் சந்து ஆள் ஒருவர், அப்பளக் கூடைகள் தன் பைக்குக்கு வழி விடவில்லை என்று கத்திக்கொண்டே வந்தார். “மொதல்ல தண்ணி குடிங்க, பெறவு ஏசுங்க” என்று சொம்பை நீட்டினாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பது மறந்துபோனவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். காலையில் கணவருக்குப் பழைய சோற்றின் நீத்தண்ணியை வெங்காயம் கிள்ளிப் போட்டுக் கொடுப்பாள். தனக்குச் சோற்றை ஒட்டப் பிழிந்து எடுத்து ஊறுகாயோடு சாப்பிடுவாள். நான் என் சார்ட்டை நிரூபிக்கத் தர்பூசணி வாங்கிக்கொண்டு போனால், அழகாகக் கீறிச் சந்துக்கே கொடுப்பாள். ஒரு துண்டு தன் வாயில் போடமாட்டாள். மோர் கொண்டுபோனேன், அதுவும் அப்படியே. வேலை செய்யும்போது கன்னத்தில் எப்போதும் எதையோ அடக்கியிருப்பாள். புளி. உப்பில் புரட்டிய சின்னப் புளி உருண்டை. “எச்சி ஊறும்லா. தாகமே தெரியாது” என்பாள், பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வது போல.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் நோட்டில் நான் எழுதிய வரி: “உணவில் நல்ல கட்டுப்பாடு உள்ளவர். முன்மாதிரியாகக் காட்டலாம்.” கீழே இரண்டு கோடு வேறு.

அந்த மத்தியானத்துக்கே திரும்ப வருகிறேன். பாட்டிலைக் கையில் எடுத்துக் கேட்டேன். “அக்கா, நீங்க தண்ணியே குடிக்கறதில்லையா?”

கட்டை நின்றது. சிரிப்பும் நின்றது.

“குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லா.”

“போங்க.”

“எங்க போவ?”

சந்துக் கோடியில் சண்டாஸ், அதாவது பொதுக் கழிப்பறை, இருக்கிறது, எனக்கும் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் வருவேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகத் தாண்டுவேனே தவிர, பார்த்ததில்லை. அக்கா சொல்லச் சொல்லத்தான் பார்த்தேன். அதன் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே காலையிலிருந்து சாயங்காலம் வரை கேரம் ஆட்டம். எட்டுப் பத்து ஆண்கள். உள்ளே பெண்கள் பக்கத்தில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் எத்தனை தடவை வருகிறாள் என்று வெளியே எண்ணிச் சிரிப்பார்கள். அதனால் விடிவதற்கு முன்னால் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை. நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் அந்தச் சந்தில் எந்தப் பெண்ணும் எழுந்திருப்பதில்லை. மெயின் ரோட்டைத் தாண்டிக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள், சுத்தம்தான். ஆனால் பன்னிரண்டு நிமிஷ நடை. பட்டப்பகலில் ஒருத்தி தனியாக வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் எங்கே என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்ல நாக்கு வராது.

“எட்டு டம்ளர் குடின்னு கலர் கலரா எழுதி ஒட்டிட்டுப் போயிட்ட. எட்டு தடவ எங்க போவன்னு எழுதல பாத்தியா” என்றாள்.

நான் என் பையைப் பார்த்தேன். அம்மா காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில். மூன்று வாரமாக அது நிறைந்தபடியே செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு வருவேன், இரண்டரைக்கு ஓடிவிடுவேன். ஏன் குடிக்கவில்லை என்று என்னை நானே கேட்டதில்லை. இப்போது கேட்டேன். முகம் சுட்டது.

அக்கா எழுந்து, அப்பளம் அடுக்கும் தகர டப்பாவுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். “நீ இங்கிலீசு படிச்சவதான. இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி.”

சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த சோனோகிராபி ரிப்போர்ட். வலது பக்கம் கல். சிறுநீரகத்தில் வீக்கம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவும். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்து, வீக்கம் குறையவில்லை என்றால் ஆபரேஷன். தேதியைப் பார்த்தேன். ஆறில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

“டாக்டர் சொன்னது புரிஞ்சுதாக்கா?”

“புரியாம என்ன. குடிக்கணும். ஆபரேசன்னா ஒரு மாசம் குனியக்கூடாதாம். குனியாம என்ன வேல இருக்கு இங்க?” குரலைத் தாழ்த்தினாள். “ராத்திரி வலி வந்தா தலவாணியக் கடிச்சுக்கிடுதேன். வீட்டுல அவியளுக்குத் தெரியாது.”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது இது. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், உட்கார்ந்த இருப்பில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் புகார் எழுதினேன். தாழ்ப்பாள், கேரம் பலகை, பெண்களின் ஆரோக்கியம், எல்லாம். வலுவாக இருக்கட்டும் என்று என் பதிவேட்டிலிருந்த பெண்களின் பெயர்களையும் வீட்டு எண்களையும் சேர்த்தேன். முதல் பெயர் அக்காவுடையது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவளுடைய கல். யாரையும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்குக் கேட்பது? மாநகராட்சி அலுவலகத்தில் நேரே போய்க் கொடுத்துவிட்டு, வடாபாவ் வாங்கித் தின்றுகொண்டே சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாள் அந்த அலுவலகத்து ஆள் ஒருவர் கடிதத்தின் நகலோடு வந்தார். கேரம் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இதில் பெயர் உள்ளவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்துக் கேட்டார். முதல் பெயரை வாசித்தபோது அக்கா வாசலில் கூடை மேல் அப்பளம் விரித்துக்கொண்டிருந்தாளாம். அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்று சொல்லவேண்டும், அடுத்த வாரமே தாழ்ப்பாள்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பக்கம் போக இனி யாருக்கும் முகம் இல்லை. “லெட்டர் மேடம் வராங்க” என்று கேரம்காரர்கள் எனக்கு வழிவிட்டார்கள். சந்தில் ஒரு கதவும் எனக்குத் திறக்கவில்லை. மூன்று நாள் வெறும் கதவுகளுக்கு முன்னால் நடந்துவிட்டுத் திரும்பினேன்.

“அவா மானத்தை நீ ஏன்டி எழுதினே?” என்று அம்மா கேட்டாள்.

நாலாவது நாள் அக்காவின் கதவு பாதி திறந்திருந்தது. வாசலிலேயே நின்று, “தப்புதான்க்கா” என்றேன்.

“எம் பேர இனிம எங்கயும் எழுதாத.”

“எழுதமாட்டேன்.”

பழக்கம் போலும், சொம்பை எடுத்து நீட்டினாள். நான் முழுதும் குடித்தேன். அதற்குப் பிறகு கேட்டாள்: “வாட்ச்சு மொத்தம் எத்தன இருக்கு?”

“ஆறு.”

“எல்லாத்தையும் கொண்டா. நடக்கணும்னுதான சொன்ன? நடப்போம்.”

அவள் திட்டத்தை ஒரே மூச்சில் சொன்னாள், அப்பளம் தேய்த்தபடியே. தனியாகப் போனால்தானே எங்கே என்று கேட்பார்கள்? கூட்டமாகப் போகலாம். வீட்டில் கேட்டால் ஒண்ணுக்கு என்று எவளும் சொல்லவேண்டாம். “காலேஜ்ல வாட்ச்சு குடுத்திருக்காவ. பதினோரு மணிக்கு நடந்து காட்டணுமாம். நடக்கலன்னா அந்தப் பிள்ளைக்கு மார்க்கு போயிருமாம்னு சொல்லுவோம். படிப்புன்னா நம்ம ஆளுவ வாயத் தொறக்க மாட்டாவ.”

ஒன்பதரைக்கு இரண்டு பெரிய டம்ளர். பதினோரு மணிக்குக் கிளம்பிக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் உள்ளதற்குப் போய்வரவேண்டும். வந்ததும் மறுபடி தண்ணீர். நாலரைக்கு இன்னொரு நடை. ஒருத்தி மட்டும் முறை போட்டுச் சந்தில் இருந்து, எல்லோருடைய மாவையும் ஈரத்துணியால் மூடி, காக்காயிடமிருந்து அப்பளங்களைக் காத்து, தூங்கும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். குடித்த தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பதைப் பொறுத்துக் கிளம்பும் நேரத்தைக் குறிப்பது என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

“ஆனா பதினோரு மணி வெயில்ல போகக்கூடாதுக்கா. நானே சார்ட்ல எழுதியிருக்கேன்.”

“வெயில நான் பாத்துக்கிடுதேன். நீ வாட்ச்சப் பாரு.”

பார்த்துக்கொண்டாள். நேர்வழியை விட்டுவிட்டுத் தார்ப்பாய் கட்டிய சந்துகளுக்குள்ளேயே வளைந்து, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, மெயின் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் வெயில் படுகிற மாதிரி ஒரு வழி வைத்திருந்தாள். நேர்வழியைவிட இரண்டு நிமிஷம் அதிகம். தலையில் நனைத்த துண்டு, கையில் குடை.

முதல் நாள் அக்கா, நான், இன்னும் இரண்டு பேர். அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போல எட்டி நடை போடுவாள், எங்களுக்கு ஓட்டம்தான். எதிர்வீட்டுச் செல்விக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அவள் மாமியார் விடவில்லை. “நடக்கணும்னா வீட்டுக்குள்ளயே நடக்கட்டும்” என்றாள். பத்துக்குப் பத்து அடி வீடு அது.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் அந்த வாசலில் நின்று, “பெரியம்மா, செல்வி சின்னப் பிள்ள. ரோட்டத் தாண்டணும். தொணைக்கு நீங்களும் வந்தியன்னா நல்லாருக்கும்” என்றாள். ஐந்தாம் நாள் செல்வி வந்தாள். பின்னாலேயே மாமியார், ஆண்கள் குடை ஒன்றை விரித்துக்கொண்டு. எனக்கு வாட்ச் எங்கே என்று கேட்டாள். ஆறும் தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த நாள் வீட்டுக்காரருடைய பழைய ஓடாத கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அவள்தான் முதல் ஆளாக உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அறுபது வயதுக்காரி. எத்தனை வருஷமாக அடக்கியிருப்பாள்?

இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஒன்பது பேர்.

மாவு கொடுத்துவிட்டுப் போகிற சேட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஸப் மில்கே கிதர் ஜாதி ஹை?” என்று ஒருநாள் சந்து முனையில் வழிமறித்தாள். எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்கிறாளே, என்ன சொல்லப்போகிறோம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா பட்டை கட்டிய கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். “டாக்டர் லோக் கா ஆர்டர் ஹை, பாயீ. வாட்ச் மே ஸப் திக்தா ஹை.” டாக்டர்கள் உத்தரவு, வாட்ச்சில் எல்லாம் தெரியும். சேட்டம்மா அந்தக் கறுப்புப் பட்டையைப் பயத்தோடு பார்த்தாள். அது தன்னையும் பார்க்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, வழியை விட்டாள்.

கை எண்ணிக்கை பொய் என்று தெரிந்துவிட்டதால் பட்டையைக் கொலுசு மாதிரிக் கணுக்காலில் கட்டச் சொன்னேன். அன்று மாலை உண்மையான எண் வந்தது: ஐயாயிரத்துச் சொச்சம்.

“பதினாறாயிரம்லாம் எங்கட்டி போச்சு?” என்று அக்கா உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

திரும்பி வருகிற வழியில் வெள்ளரிக்காய் வண்டி. நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தருவார். ஒன்பது பேரும் கடித்துக்கொண்டே நடப்போம். என் சார்ட்டில் நான் பச்சை வண்ணத்தில் வரைந்திருந்த அதே வெள்ளரிக்காய். இனிமேல் பயப்படாமல் தின்னலாம், அவ்வளவுதான் வித்தியாசம். கன்னத்துப் புளி காணாமல் போனது. ஒருநாள் காலை நான் போனபோது, நீத்தண்ணி ஏன் குறைகிறது என்று அவள் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். “பாதி எனக்கு” என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

ஆனால் வலி உடனே போய்விடவில்லை. நாலாவது வாரம் நடந்து வருகிறபோது மேம்பாலத்துக்கு அடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. செல்வியின் மாமியார் விசிறினாள். “ஆபரேசன்தான் போலருக்கு” என்று அக்கா முனகினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தாமதமாக ஆரம்பித்துவிட்டோமோ, நடுவில் அந்த ஒரு வாரத்தை என் கடிதம் தின்றுவிட்டதோ என்று அன்றிலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

சோனோகிராபி அன்று கூடப் போனேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கூப்பிடும் வரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் நெளிந்தார்கள், எழுந்தார்கள், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று உள்ளே எட்டிப்பார்த்தார்கள். அக்கா மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், “எப்படி இப்படிப் பொறுத்துக்கறீங்க?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரி. பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, கல் கீழே இறங்கிவிட்டது, தானாகவே வெளியே வந்துவிடும், ஆபரேஷன் தேவைப்படாது என்றாள். “தண்ணி ஒழுங்கா குடிக்கறீங்கன்னு தெரியுது.”

“ஒம்பது பேரா குடிக்கோம் டாக்டர்” என்றாள் அக்கா.

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தாள். அதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அந்த நீள வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் ஒரு வார்டு பாயிடம் கேட்டாள்: “பையா, லேடீஸ் டாய்லெட் கிதர்?” அதுவரை அந்தக் கேள்வியை அவள் காதோடு காதாகத்தான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் புராஜெக்ட் முடிந்தது. நான் எழுதிய அறிக்கையில் காலடி எண்ணிக்கை எதுவும் நம்பத்தக்கதல்ல என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். அந்த நோட்டில் இரண்டு கோடு போட்ட வரியை அப்படியே சேர்த்து, இது தவறு, காரணம் பின்வருமாறு என்றும் எழுதினேன். மழை வந்ததும் நடை சில வாரம் நின்று, மறுபடி தொடங்கியதாகச் செல்வி சொன்னாள். பட்டைகளைக் கல்லூரிக்குத் திருப்பிக் கொடுத்த பிறகும் யாரும் வாட்ச் எங்கே என்று கேட்கவில்லையாம். பழகிவிட்டது.

அடுத்த வருஷம் அக்கா குடும்பம் டோம்பிவிலிக்குப் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே பாத்ரூம், தாழ்ப்பாளோடு. போன முதல் வாரம் போன் செய்தாள். “இப்பம் நெனச்சப்பல்லாம் குடிக்கேன், நெனச்சப்பல்லாம் போறேன். ஆனா நடக்கதுக்கு ஆளில்லட்டி. கீழ் வீட்டுக்காரி வாரேன்னிருக்கா. பாப்போம்.” அதற்குப் பிறகு அவளை நேரில் பார்க்கவே இல்லை. போன்தான், எப்போதாவது.

இப்போது நான் வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தேவ்நாரில் ஒரு தையல் கூடத்துக்குப் போகிறேன். இருபத்திரண்டு பெண்கள், தைத்த துணிகளில் நூல் வெட்டுகிற வேலை. மூலையில் தண்ணீர்க் கேன். போன வாரம் காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், ஓரங்குலம்கூட இறங்கவில்லை. இந்த முறை சார்ட் கொண்டுபோகவில்லை. சுத்தமான டாய்லெட் எங்கே என்று விசாரித்து நானே நடந்து பார்த்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒன்பது நிமிஷம். நிழல்தான் இல்லை, லாரிகள் நிற்கிற பக்கமாகப் போனால் பாதி வழி சமாளிக்கலாம். வாட்ச் கதை இங்கே எடுபடாது, பாதிப் பேர் கையில் அது இருக்கிறது. வேறு காரணம் வேண்டும்.

காரணம் கிடைத்துவிட்டது. அங்கே ஒருத்திக்கு ஏழாம் மாதம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளைத்தாச்சியைத் தனியாக அனுப்பலாமா? துணைக்கு ஆள் போகத்தானே வேண்டும்? சூப்பர்வைசர் அம்மாவிடம் போன சனிக்கிழமையே இப்படிக் கேட்டேன். “ஒருத்தி போகட்டும்” என்றார். தினம் ஒருத்தி மாறினால் தப்பில்லையே என்றேன். யோசித்துவிட்டு, “இரண்டு பேர் போங்க” என்றார்.

நேற்று அக்காவுக்கு போன் செய்து, முதல் நாள் எத்தனை பேர் வந்தால் நல்லது என்று கேட்டேன். “ஒருத்தி வந்தாலும் கெளம்பிரு. எதையும் எழுதித் தொலைக்காத” என்றாள்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஒன்பதரைக்கு அந்த ஏழாம் மாதக்காரிக்கு போன் செய்து இரண்டு டம்ளர் குடிக்கச் சொல்லவேண்டும். பதினோரு மணிக்குக் கூடத்து வாசலில் குடையோடு நிற்பேன்.